மூன்றாம் எழுத்து

வெஸ்ட்வில் குன்றின் மேல், நான்காம் மாடியில்
எனக்கொரு வெள்ளைப் பலகை.
இடக்கையால் எழுதுகிறவன் நான்.
எழுதியதை எழுதும்போதே
மணிக்கட்டு துடைத்துவிடுகிறது;
சமன்பாட்டின் முன்பாதி
எப்போதும் என் சட்டைக் கையில்தான் இருக்கும்.

நாலே எழுத்து.
மும்மூன்றாய்க் கோத்தால் அறுபத்து நாலு சொல்.
பொருளோ இருபதுதான்,
போக, நிறுத்து என்பதற்கு மூன்று விதம்.
சிக்கனக்காரன் தொகுத்த அகராதி இல்லை இது.
லூசினுக்கு ஆறு எழுத்துக்கூட்டல்,
டிரிப்டோபானுக்கு ஒன்றே ஒன்று.
ஏன் என்று கேட்கத்தான்
டர்பனில் எனக்குச் சம்பளம்.

பக்கத்து மேசை வெலோஷ்ணி
ஒரு நாள் தாள்களைப் பரப்பினாள்.
மூட்லி, முட்லி, மூடலி,
மொடெலி, முதலி, முடாலியார்.
திருமணப் பதிவில் ஒன்று, கல்லறையில் ஒன்று,
ஆலைச் சம்பளச் சீட்டுகளில் மட்டும் மூன்று.
எல்லாம் ஒரே வீடு.
"ஆறு," என்றாள். "லூசின்."
சிரித்தோம். அப்புறம்
கொஞ்ச நேரம் சிரிக்கவில்லை.

அவளுக்குத் தமிழ் வராது. கேட்டாள்:
உன் மொழியில் எந்த எழுத்து பிழை பொறுக்கும்?
பழம் என்று எழுதிக் காட்டினேன்.
கடைசி மெய்யை நாங்கள் முழுதாய்ச் சொல்வதில்லை,
மூக்கில் கொஞ்சம் காற்று விட்டு முடித்துவிடுவோம்.
பழக்காரி பழத்தைத்தான் தருவாள்.
நடு எழுத்தைத் தொட்டுப் பார்:
படம்.
பணம்.
பயம்.
சிவப்பணு அரிவாளாய் வளைவதும்
நடு எழுத்து ஒன்று பிசகித்தான், என்றாள் அவள்.
பலகையை அன்று யாரும் துடைக்கவில்லை.
என் மணிக்கட்டைத் தவிர.

அவள் அண்ணன் பூபாலன்
டோங்காட் பக்கம் ஒரு சர்க்கரை ஆலையில்
ஒளியின் திருகலை அளப்பவன்.
சாற்றுக்குள் நுழைந்த வெளிச்சம்
வலப்பக்கம் திரும்பி வெளியே வரும்.
எத்தனை பாகை என்பதுதான் கரும்புக்கு விலை.
வெட்டிப் போட்டு நாலு நாள் வெயில் காய்ந்தால்
திருகலும் தளரும், விலையும் தளரும்.
"வலத்துக்கு நாங்கள் காசு கொடுக்கிறோம்,
நீங்கள் காரணம் தேடுகிறீர்கள்" என்பான்,
காரணம் ஏதோ மலிவான சரக்கு போல.

உயிருக்குள் சர்க்கரை வலக்கை,
அமினோ அமிலம் இடக்கை.
யார் பிரித்தது?
எங்கள் மாதிரியில் இரண்டே விதி:
இடமும் வலமும் தன்னைப்போல் ஒன்றைப் பெற்றெடுக்கும்;
எதிர்ப்பட்டால் ஒன்றையொன்று தீர்த்துவிடும்.
சமமாய்த் தொடங்கினால் சமமாகவே நிற்கும்,
காகிதத்தில்.
கணினியில் ஒரு தும்மல் போதும்.
ஆயிரம் முறை ஓட்டினோம்.
ஐந்நூற்று மூன்று இடம், மிச்சம் வலம்.
சமன்பாட்டுக்கு யார் மேலும் பிரியமில்லை.

ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஒரு விதை எண் வேண்டும்.
கூலிக் கப்பலின் பேரேட்டில்
தன் பூட்டனுக்குப் போட்ட எண்ணை
வெலோஷ்ணி தட்டினாள்.
வலம் வென்றது.
திரும்பவும் தட்டினாள். வலம்.
ஒரே விதைக்கு ஒரே உலகம், தெரிந்ததுதான்;
ஆனாலும் ஐந்து முறை தட்டினாள்.
அந்த உலகத்துப் பருப்பு
நம் வயிற்றில் இறங்கும், செரிக்காது.

"ஒன்றைக் கூட்டிப் போடு," என்றேன்.
வரிசையில் அவனுக்கு அடுத்து நின்ற ஆள்.
இடம்.
"அவன் பெயர் என்ன?"
பேரேட்டில் அந்த வரியில்
ஈரம் பட்டிருந்தது என்றாள்.

போன வாரம் உள்துறை அலுவலகம், விசா நீட்டிப்பு.
நொம்வூலா என்று பெயர்ப்பட்டை அணிந்த பெண்
என்னை ஏகாம்பரன் என்று அச்சடித்துத் தந்தாள்.
கடைசி எழுத்து.
"திருத்தவா?" என்றாள்.
இரண்டு மணி நேர வரிசை பின்னால் நின்றது.
வேண்டாம் என்றேன்.
கையெழுத்துப் போட இடக்கையை நீட்டினேன்.
பேனாவை வலது ஓரத்தில்
சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள்.
எட்டவில்லை.